வீட்டுக்கு வந்த முதல் நாள் இரவு: குட்டி அழுகையை நிறுத்தவே இல்லை. யாராவது விழித்திருக்கிறீர்களா?

வைகைக்கரை
சனி, இரவு 11:42

மதுரையிலிருந்து எழுதுகிறேன். இன்று மதியம்தான் ராஜபாளையம் போய் ஒரு நாய்க்குட்டி வாங்கி வந்தோம். வெள்ளை, ஆண் குட்டி. 45 நாள் ஆகிறது என்று சொன்னார்கள். அப்பா தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். 2005இல் ராஜபாளையம் நாய் படம் போட்டுத் தபால்தலை வந்தபோது வாங்கி ஆல்பத்தில் வைத்தார். அன்றிலிருந்து அவருக்கு இந்த ஆசை. இப்போதுதான் நிறைவேறியது.

கூடையில் துணி விரித்து பஸ்ஸில் கொண்டுவந்தோம். கல்லுப்பட்டி தாண்டியதும் ஒரு தடவை வாந்தி எடுத்தது. வீட்டுக்கு வந்தால் தெருப்பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். ஆள் மாற்றி ஆள் தூக்கிக் கொஞ்சினார்கள். சாயங்காலம் ஒரு கிண்ணம் பசும்பாலில் ரொட்டி பிய்த்துப் போட்டோம், மொத்தமும் காலி. அதுவரை ஒரு தொந்தரவும் இல்லை.

ஒன்பதரைக்கு, மாடிப்படிக்குக் கீழே அட்டைப்பெட்டியில் சாக்கு விரித்து அதில் விட்டு விளக்கை அணைத்தோம். அப்போது ஆரம்பித்தது. இரண்டு மணி நேரமாக ஒரே கத்தல். மார்கழிக் குளிரில் தெருவே அமைதியாக இருக்கிறது, எங்கள் வீட்டுச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. மாடியில் வீட்டுக்காரர் குடியிருக்கிறார். நாய் ராத்திரியில் அழுதால் வீட்டுக்கு ஆகாது என்று அம்மா பயப்படுகிறார். பக்கத்தில் போகாதே, ஒரு தடவை போய்விட்டால் தினமும் இதே பழக்கம் ஆகிவிடும் என்கிறார் அப்பா. இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் குட்டியோடு சேர்ந்து அழுகிறாள்.

போவதா, விடுவதா? வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணி
சனி, இரவு 11:51

போங்கள். இதைப் படித்து முடித்தவுடன் எழுந்து போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காருங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்க்கும் நர்ஸ். காலை ஏழு வரை விழித்துத்தான் இருப்பேன், இடையிடையே வந்து பார்க்கிறேன். வீட்டில் இரண்டு நாட்டு நாய்கள். இரண்டுமே குட்டியாக வந்தவை.

மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். உடம்பு சில்லென்று இருக்கிறதா? கடைசியாக எப்போது ஒன்னுக்குப் போனது? பாலுக்கு அப்புறம் வயிறு எப்படி இருக்கிறது?

வைகைக்கரை
ஞாயிறு, இரவு 12:09

நன்றி சிஸ்டர். போனேன். காது மட்டும் கொஞ்சம் சில்லென்று இருந்தது. சாக்கு நனைந்திருந்தது, தண்ணியாக ஆய் போயிருக்கிறது. துடைத்துவிட்டுப் பழைய வேட்டியை மாற்றி விரித்தேன்.

முதலில் பெட்டிக்கு வெளியே உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசிப் பார்த்தேன். செல்லம், தங்கம் என்று என்னென்னவோ சொன்னேன். ஒரு பலனும் இல்லை, கத்திக்கொண்டே இருந்தது. கையை உள்ளே விட்டேன். கை பட்டதும் அப்படியே அமைதி. உள்ளங்கையில் முகத்தை வைத்துக்கொண்டது. கையை எடுத்தால் மறுபடி ஆரம்பிக்கிறது.

நாமக்கல்_ஹாஸ்டல்
ஞாயிறு, இரவு 12:24

கால்நடை மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறேன். பரீட்சைக்காக விழித்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

குட்டி அடம் பிடிக்கவில்லை, முதலில் அதை அப்பாவிடம் சொல்லுங்கள். நேற்று இரவு வரை அது தாயின் வயிற்றோடு, நாலைந்து குட்டிகளின் சூட்டுக்கு நடுவில் தூங்கியது. ஒரு நாள்கூடத் தனியாகத் தூங்கியதில்லை. குட்டி தனியாக மாட்டிக்கொண்டால் கத்தும், கத்தினால் தாய் தேடி வரும். அதற்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு அந்தக் கத்தல்தான். 1977இல் அமெரிக்காவில் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து வைத்து, எதைக் கொடுத்தால் அழுகை குறைகிறது என்று ஆராய்ந்தார்கள். சாப்பாட்டினால் பெரிய பயன் இல்லை. மென்மையான துணியும் பொம்மையும் ஓரளவு உதவின. அதிகம் தணித்தது மனிதர் பக்கத்தில் இருந்ததுதான். உங்கள் கைக்கு இப்போது அது அடங்கியது என்றால் அதுதான் காரணம்.

அடுத்து வயசு. 45 நாள் என்றால் ஆறரை வாரம். 2017இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் வளர்ப்பு விதிகளின்படி எட்டு வாரம் முடியாத குட்டியை விற்கவே கூடாது. ஆனால் நம் பக்கம் 40, 45 நாளில் கொடுப்பது இன்னும் வழக்கமாக இருக்கிறது. அந்தக் கடைசி இரண்டு வாரத்தில்தான் குட்டி மற்ற குட்டிகளோடு கடித்து விளையாடி, எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று கற்றுக்கொள்ளும், தாயை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விலகவும் பழகும். உங்கள் குட்டிக்கு அது கிடைக்கவில்லை. அந்த இரண்டு வாரத்தை நீங்கள்தான் ஈடுகட்ட வேண்டும்.

பசும்பாலை நிறுத்திவிடுங்கள். நாயின் பாலில் கொழுப்பும் புரதமும் அதிகம், பால் சர்க்கரை குறைவு. பசும்பால் நேர்மாறு. நிறைய குட்டிகளுக்கு அது செரிக்காமல் பேதியாகும். கொதித்து ஆறிய தண்ணீர் வையுங்கள். காலையில் குழைந்த சாதத்தில் வேகவைத்த கோழி கொஞ்சம் மசித்துக் கொடுங்கள், உப்பு காரம் எதுவும் வேண்டாம். அங்கே என்ன சாப்பிட்டது என்று விற்றவரைக் கேட்டு, சில நாள் அதையே கொடுத்து மெதுவாக மாற்றுங்கள்.

இன்றிரவு கவனிக்க வேண்டியது: திரும்பத் திரும்ப வாந்தி, ரத்தம் கலந்த பேதி, தூக்கினால் துவண்டு விழுவது, ஈறு வெளுத்துப் போவது. இதில் எது இருந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இந்த வயதில் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் ஒரே நாளில் நிலைமை மோசமாகிவிடும். இப்போது நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பயணமும் பாலும்தான் காரணம் என்று தோன்றுகிறது. ஆனாலும் காலையில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கரிசல்காட்டான்
ஞாயிறு, இரவு 12:41

கோவில்பட்டிப் பக்கம். சிப்பிப்பாறை, கன்னி ஆகிய இன நாய்கள் என் தாத்தா காலத்திலிருந்து வீட்டில் உண்டு.

உங்கள் அப்பா சொல்வதைத்தான் நானும் சொல்லியிருப்பேன். எங்கள் ஊரில் யாரும் குட்டியோடு ராத்திரி உட்கார்ந்ததில்லை. தொழுவத்தில் விட்டுவிட்டு வந்துவிடுவோம், அழுது நான் பார்த்ததும் இல்லை. இதை எழுத ஆரம்பித்த பிறகுதான் யோசித்தேன். தொழுவத்தில் அது தனியாக இல்லையே! ஆட்டுக்குட்டிகள் படுத்திருக்கும், நடுவில் போய் ஒண்டிக்கொள்ளும். பெரிய நாய் ஒன்று வாசலில் கிடக்கும். திண்ணையில் தாத்தா இருமிக்கொண்டிருப்பார். மாடிப்படிக்குக் கீழே அட்டைப்பெட்டி என்பது வேறு.

நாமக்கல் தம்பி சொல்வது சரி. பக்கத்தில் இருங்கள்.

மூன்றாம்மாடி
ஞாயிறு, இரவு 12:58

சென்னையில் அடுக்குமாடியில் இருக்கிறோம். எங்கள் குட்டி வந்த முதல் இரவு, அழுதால் போகக்கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு பால்கனியில் விட்டுக் கதவைச் சாத்தினோம். மூன்று மணி வரை கத்தி ஓய்ந்தது. பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். காலையில் கதவைத் திறந்தால், கதவைப் பிறாண்டிப் பிறாண்டி முன்னங்கால் நகத்தில் ரத்தம். தன் மூத்திரத்திலேயே படுத்திருந்தாள். அன்றிலிருந்து பால்கனிப் பக்கம் போகவே மாட்டாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டாலே நடுங்குவாள். அதைச் சரிசெய்ய எங்களுக்கு நாலு மாதம் ஆனது. அந்த ஒரு இரவை நினைத்து இன்னும் வருத்தப்படுகிறேன்.

இரண்டாவது குட்டிக்கு வேறு மாதிரி செய்தோம். கட்டிலை ஒட்டிப் பெட்டி, பெட்டிக்குள் என் கை. மூன்று இரவு அப்படி. நாலாம் இரவு கையைப் பெட்டியின் விளிம்பில் வைத்தேன். அப்புறம் பெட்டியை ஒரு அடி தள்ளினேன். அதற்கு இரண்டு நாள் கழித்து இன்னொரு அடி. மூன்றாவது வாரம் ஹாலில் தன் இடத்தில் தானாகப் போய்ப் படுத்தது. பக்கத்தில் படுத்தால் காலத்துக்கும் பக்கத்திலேயே படுக்கவேண்டும் என்று பயப்படவேண்டாம். தைரியம் வந்த குட்டி தானே தள்ளிப் போகும்.

வைகைக்கரை
ஞாயிறு, இரவு 1:20

எல்லோருக்கும் நன்றி. நான் பாயை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டேன். பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டித் தாழ்த்தி என் தலைமாட்டில் வைத்தேன். வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி ஒரு மூலையில் வைத்திருக்கிறேன். நான் உடுத்தியிருந்த கைலியைக் கீழே விரித்தேன். கை உள்ளே. பத்து நிமிஷத்தில் தூங்கிவிட்டான்.

ஒன்று மட்டும் புரியவில்லை. தூங்கிவிட்டானே என்று மெதுவாகக் கையை எடுத்து எழுந்து லைட்டை அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் விழித்து, உயிர் போகிற மாதிரி அலறல். இங்கேதான்டா இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே வந்தேன், என் குரலுக்கு அடங்கவே இல்லை. லைட்டைப் போட்டதும் என்னைப் பார்த்து நிறுத்திவிட்டான். இரண்டு தடவை இதேபோல் நடந்தது. நாய்க்கு இருட்டில் கண் நன்றாகத் தெரியும் என்பார்களே?

இரவுப்பணி
ஞாயிறு, இரவு 1:33

புது வீடு, பயமாக இருக்கும். பூஜையறையில் ஜீரோ வாட் பல்பு இருந்தால் ஹாலில் மாட்டி எரியவிடுங்கள். பாட்டில் சூடு கையில் தாங்கும் அளவுக்குத்தான் இருக்கவேண்டும், அது விலகிப் படுக்கவும் இடம் இருக்கட்டும். கொசுவர்த்தி ஏற்றியிருந்தால் அணைத்துவிடுங்கள். தரையோடு படுத்திருக்கும் குட்டிக்குத்தான் அந்தப் புகை நேராகப் போகும்.

மூன்றரைக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடக்கிவைக்கத் தெரியாது, தூக்கத்தில் கொஞ்சம் கூடத் தாங்கும். அழுகிற வரை காத்திருக்காமல் நீங்களே தூக்கிக்கொண்டு போங்கள். வீட்டு வாசலுக்குள்ளேயே, ஒரே இடத்தில் விடுங்கள். போனதும் ஒரு தடவை தடவிக் கொடுத்துவிட்டு நேராகப் பெட்டிக்கு. விளையாட்டு வேண்டாம். ராத்திரி எழுந்தால் ஒன்னுக்குப் போய்விட்டுத் தூங்கவேண்டும் என்பது மட்டும் அதற்குத் தெரிந்தால் போதும்.

வைகைக்கரை
ஞாயிறு, காலை 6:48

மூன்றரைக்கு எழுப்பினேன். முதுகைத் தொட்டதும் திடுக்கிட்டுத் துள்ளினான். வாசலில் விட்டதும் ஒன்னுக்குப் போனான். திரும்ப வந்து கை வைத்தேன், தூங்கிவிட்டான். ஜீரோ வாட் பல்புக்குப் பிறகு ஒரு தடவைதான் அழுகை.

நாலரை மணிக்குப் பக்கத்துக் கோயிலில் மார்கழிப் பாட்டு போட்டார்கள். ஸ்பீக்கர் எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே. என் மகள், அம்மா, மாடிவீட்டுக்காரர் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். இவன் மட்டும் அசையவே இல்லை. அவ்வளவு களைப்பு பாவம், ஆறரை வரை தூங்கினான். அம்மா கோலம் போட்டுவிட்டு வந்து, ராத்திரி இப்படி அழுத பிள்ளையா இது என்று பார்த்துக்கொண்டே நின்றார். வயிறும் பரவாயில்லை. ஒன்பதரைக்கு டாக்டர் வருவார்.

தெருவிளக்கு
ஞாயிறு, காலை 7:30

கோவையிலிருந்து. தெருவில் தாயை இழந்த குட்டிகளை வீட்டில் வைத்து வளர்த்து, நல்ல வீடு பார்த்துக் கொடுப்பேன். முதல் இரவுகள் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அம்மாவிடம் சொல்லுங்கள், இது அபசகுன ஊளை இல்லை. தாயைக் கூப்பிடும் குரல். நம் வீட்டுக் குழந்தை ராத்திரி அழுதால் சகுனமா பார்க்கிறோம்?

பலரும் ராத்திரியைப் பற்றியே கவலைப்படுகிறார்கள், ஆனால் ராத்திரி எப்படி இருக்கும் என்பது பகலிலேயே முடிவாகிவிடும். இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் 18 மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்கவேண்டும். நேற்று உங்கள் வீட்டில் ஆள் மாற்றி ஆள் தூக்கியதில் அது தூங்கியே இருக்காது. தூக்கம் கெட்ட குட்டி சாயங்காலம் வெறி பிடித்ததுபோல் ஓடும், ராத்திரி அடங்காது. இன்று தெருப்பிள்ளைகளுக்கு விடுமுறை கொடுங்கள். உங்கள் மகள் மட்டும் தரையில் உட்காரட்டும், குட்டி தானாக மடிக்கு வரட்டும். தூங்கும்போது யாரும் தொடவேண்டாம். பகலிலேயே அதே பெட்டியில் இரண்டு மூன்று தடவை தூங்கவையுங்கள். சாப்பாட்டையும் அதற்குள் வையுங்கள். இருட்டினால் மட்டும் போடுகிற இடம் என்று பெட்டி அதன் மனதில் பதிந்துவிடக் கூடாது.

இரண்டாம் இரவு சில நேரம் முதல் இரவைவிட மோசமாக இருக்கும். முதல் நாள் பயணக் களைப்பில் தூங்கியது, இன்று தெம்பு வந்து அம்மாவைத் தேடும். அதற்காக மனம் தளரவேண்டாம்.

டாக்டரிடம் போகும்போது தூக்கியே கொண்டுபோங்கள், ஆஸ்பத்திரித் தரையில் விடாதீர்கள். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஃபினாயிலை நம்பவேண்டாம், பிளீச்சிங் பவுடர் கரைசலுக்குத்தான் அது சாகும். கரைசல் ஊற்றிய இடம் நன்றாகக் கழுவிக் காய்ந்த பிறகு குட்டியை விடுங்கள். பீரோவுக்கு அடியில் அந்துருண்டை கிடந்தால் எடுத்துவிடுங்கள். வாசலில் அரளிச்செடி இருந்தால் அந்தப் பக்கம் போகவிடாதீர்கள். இரண்டுமே விஷம்.

கரிசல்காட்டான்
ஞாயிறு, காலை 8:15

தம்பி, உங்கள் காலைப் பதிவைப் படித்ததிலிருந்து ஒன்று மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சொல்லிவிடுகிறேன்.

பத்து நிமிஷம் பேசியும் அடங்கவில்லை, கை பட்டதும் அடங்கியது. லைட்டை அணைத்தால் அலறியது. தொட்டு எழுப்பினால் திடுக்கிட்டது. கோயில் ஸ்பீக்கருக்கு அசையவில்லை. ராஜபாளையத்தில் முழு வெள்ளையாக, மூக்கு இளஞ்சிவப்பாகப் பிறக்கும் குட்டிகளில் சிலதுக்குக் காது கேட்காது. அந்த இனத்தை வளர்க்கிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான்.

நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அவன் தூங்கும்போது, அவனுக்குத் தெரியாத இடத்தில் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காலால் தரையைத் தட்டாதீர்கள், அதிர்வில் எழுந்துவிடுவான். கையும் தட்டவேண்டாம், காற்று பட்டாலே திரும்புவான். குக்கர் விசில் வரும்போது கவனியுங்கள். மற்றவர்கள் திரும்புவதைப் பார்த்து அவனும் திரும்பிவிடாதபடி யாரும் அசையாமல் இருக்கவேண்டும்.

வைகைக்கரை
ஞாயிறு, காலை 11:25

ஐயா, நீங்கள் சொன்னது சரியாகிவிட்டது.

சாவிக்கொத்துக்கு அசையவில்லை. அடுக்களை வாசலிலேயே படுத்திருந்தான், குக்கர் மூன்று விசில் விட்டது, காதுகூட ஆடவில்லை. டாக்டரும் பின்னாலிருந்து சத்தம் எழுப்பிப் பார்த்தார். கேட்காமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்றார். மற்றபடி ஆரோக்கியமாக இருக்கிறான். பூச்சி மருந்து கொடுத்தார். பேதி முழுதாக நின்றதும் முதல் தடுப்பூசி.

ராத்திரி அவன் கத்தியதை நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது. லைட்டை அணைத்துவிட்டு, இங்கேதான் இருக்கிறேன் என்று நான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவனைப் பொறுத்தவரை அந்த நிமிஷம் உலகத்தில் யாருமே இல்லை.

விற்றவருக்கு போன் செய்தேன். திருப்பிக் கொண்டுவாருங்கள், வேறு குட்டி தருகிறேன் என்கிறார். அப்பா ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். கொடுத்துவிடலாமா என்று ஒரு தடவை கேட்டார். என் மகள் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்கமாட்டேன் என்கிறாள்.

நாமக்கல்_ஹாஸ்டல்
ஞாயிறு, பகல் 12:10

வருத்தமாக இருக்கிறது அண்ணா. காரணத்தைச் சொல்கிறேன், யார் மேலும் தப்பில்லை என்று வீட்டில் புரியும். தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கும் அதே செல்கள் உள்காதிலும் இருக்கவேண்டும். அங்கே இரத்த ஓட்டம் நன்றாக இருப்பதற்கு அவை தேவை. முழு வெள்ளைக் குட்டிகள் சிலவற்றில் அந்தச் செல்கள் உள்காதுக்குப் போய்ச் சேருவதில்லை. பிறந்து மூன்று நாலு வாரத்துக்குள் ஒலியை உணரும் நரம்பு முனைகள் அழிந்துவிடும். மருந்தில் சரியாகாது. ஆனால் வலி கிடையாது, ஆயுளும் குறையாது. ஒரு காது மட்டும் கேட்காத குட்டிகளை வீட்டுச் சோதனையில் கண்டுபிடிக்க முடியாது. மூளையின் மின் அலையைப் பதிவு செய்யும் பரிசோதனையில்தான் உறுதியாகத் தெரியும். எப்படியிருந்தாலும் இவனிடமிருந்து குட்டி எடுக்கவேண்டாம், இது பரம்பரையாக வருவது.

இன்று இரவுக்கு. நேற்று உங்களை அறியாமலே பாதி சரியாகச் செய்துவிட்டீர்கள். கேட்காத குட்டிக்கு வெளிச்சம், வாசனை, தொடுதல், அதிர்வு, இந்த நாலும்தான் துணை. ஜீரோ வாட் பல்பு விடிய விடிய எரியட்டும். உங்கள் முகம் தெரிகிற மாதிரி பெட்டியைத் திருப்பி வையுங்கள். மற்ற குட்டிகளுக்கு டிக் டிக் கடிகாரத்தைத் துணியில் சுற்றி வைக்கச் சொல்வோம், இவனுக்கு அது பயன்படாது. நீங்கள் படுக்கும் பாயின் ஓரத்தைப் பெட்டிக்கு அடியில் செருகுங்கள். நீங்கள் புரண்டால் அவனுக்குத் தெரியும், ஆள் இருக்கிறது என்று.

எழுப்பும்போது நேராக முதுகைத் தொடாதீர்கள். முதலில் மூக்குக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், வாசனை போகட்டும். அப்புறம் தோளில், எப்போதும் அதே தோளில், இரண்டு விரலால் மெதுவாக. கண் திறந்ததும் ஒரு துளி சாப்பாடு. தினமும் இப்படிச் செய்தால் தொட்டு எழுப்புவது நல்லதுக்கே என்று பழகிவிடும். இல்லையென்றால் பெரியவனானதும் திடுக்கிட்டு எழும்போது கடிக்கவும் வாய்ப்பு இருக்கிறது. வீட்டில் குழந்தை இருப்பதால் இதை விட்டுவிடாதீர்கள்.

கழுத்தில் ஒரு சின்ன மணி கட்டுங்கள். அவனைக் கூப்பிட்டு வரவழைக்க முடியாதே, அவன் எங்கே இருக்கிறான் என்று உங்களுக்காவது கேட்கவேண்டும். கயிறு இல்லாமல் தெருவில் விடுவது என்ற பேச்சே வேண்டாம், பின்னால் வண்டி வருவது அவனுக்குத் தெரியாது.

கரிசல்காட்டான்
ஞாயிறு, பகல் 12:55

திருப்பிக் கொடுப்பது உங்கள் வீட்டு முடிவு. நான் வற்புறுத்தமாட்டேன். ஆனால் இப்படித் திரும்பி வரும் குட்டி எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். காவலுக்கு ஆகாது என்று யாரும் வாங்கமாட்டார்கள். தோட்டத்தில் கட்டிப்போடுவார்கள், இல்லையென்றால் ரோட்டில் விடுவார்கள். ரோட்டில் விட்டால் கேட்காத நாய்க்கு எத்தனை நாள்?

உங்கள் அப்பாவுக்கு வேண்டியது ராஜபாளையம் நாய் என்றால், இவனும் அதே ராஜபாளையம்தான்.

மூன்றாம்மாடி
ஞாயிறு, மாலை 4:40

உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். அவன் அவள் முகத்தைப் பார்த்துத்தான் எல்லாம் கற்றுக்கொள்வான். அதனால் அவள் சிரித்தால் அவனுக்கு வேறு எந்தக் குட்டியைவிடவும் அது பெரிய விஷயம்.

வைகைக்கரை
திங்கள், காலை 6:20

இரண்டாம் இரவு முடிந்தது. தெருவிளக்கு அக்கா சொன்னபடி கஷ்டமாகத்தான் இருந்தது. பத்து மணிக்கு அழுகை, பன்னிரண்டுக்கு அழுகை. ஆனால் இரண்டு தடவையும் என் முகத்தைப் பார்த்ததும் குறைந்தது, கை பட்டதும் நின்றது. இரண்டரை மணி நேரம் கத்தியவன், இப்போது இரண்டு நிமிஷம்.

மூன்றரை அலாரம் எனக்குக் கேட்கவில்லை, அசந்து தூங்கிவிட்டேன். விழித்துப் பார்த்தபோது மணி நாலு. பெட்டி காலி. பதறி எழுந்தேன். வாசலில் மணிச் சத்தம் கேட்டது. அப்பா சால்வையைப் போர்த்திக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார், இவன் வேலையை முடித்துவிட்டு அவர் காலடியில் நின்றுகொண்டிருந்தான். மூக்குக்குப் பக்கத்தில் கையைக் காட்டித்தான் எழுப்பினேன், திடுக்கிடவில்லை என்றார் அப்பா. வேறெதுவும் சொல்லவில்லை. விற்றவர் மறுபடி போன் செய்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு என்றார்.

இரவுப்பணி
திங்கள், காலை 6:31

டியூட்டி முடியும் நேரத்தில் இதைப் படித்தேன். மனசு நிறைந்துவிட்டது. இன்று பகலில் நீங்களும் கொஞ்சம் தூங்குங்கள். வீட்டில் ஆள் மாற்றி ஆள் விழியுங்கள், ஒருவரே எல்லா இரவும் தாங்க முடியாது.

வைகைக்கரை
அடுத்த ஞாயிறு, இரவு 9:05

ஒன்பதாவது இரவு. பெட்டி இப்போது என் பாயிலிருந்து இரண்டு அடி தள்ளி இருக்கிறது. நேற்று ஒரு தடவைதான் எழுந்தான், அதுவும் ஒன்னுக்குத்தான். தடுப்பூசி போட்டாயிற்று, மூன்று வாரம் கழித்து அடுத்தது. மாடிவீட்டுக்காரர் தன் வீட்டு நைட் லாம்ப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். பல்பு ஃபியூஸ் போனால் மாற்றுவதற்காம்.

பெயர் வைப்பதில் இரண்டு நாள் பேச்சு நடந்தது. கூப்பிட்டால் கேட்காதவனுக்கு என்ன பெயர் என்று அம்மா கேட்டார். என் மகள் ஒரு கை அடையாளம் கண்டுபிடித்திருக்கிறாள். இரண்டு விரலைத் தன் மூக்கு நுனியில் வைத்து எடுக்கிறாள். அதைப் பார்த்தால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறான். வீட்டில் எல்லோரும் அதையேதான் செய்கிறோம். இன்று சாயங்காலம் அப்பா தெருமுனையிலிருந்து வரும்போதே இரண்டு விரலை மூக்கில் வைத்துக்கொண்டு வந்தார். இவன் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தான்.